வழியுரிமை

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்.
அதில் எண்கள் மட்டும்.
செவ்வாய் அறுபத்து நான்கு.
புதன் எழுபத்தொன்று.
வியாழன் முப்பது, பல்வலி.
வெள்ளி தொண்ணூறு,
அடியில் இரண்டு கோடு.

மொந்தேவிதேயோவில்
பல்பொருள் அங்காடியின் ஏழாம் கல்லாவில்
பகலெல்லாம் சில்லறை எண்ணும் சுல்மா
இரவில் பக்கங்களை எண்ணுகிறாள்.
நோட்டரி பட்டத்துக்கு
இன்னும் ஒரே தேர்வு பாக்கி:
சொத்துச் சட்டம்.

மஞ்சள் மை, பச்சை மை, இளஞ்சிவப்பு மை.
தீட்டாத வரி ஒன்றுகூட இல்லை என்றானபோது
புத்தகம் மறுபடியும்
தீட்டாத புத்தகம்போலவே இருந்தது.

இரண்டு முறை தோற்றாள்.
இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வு.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
கேள்வி எளியதுதான்.
விடை இருந்த இடமும் நினைவிருந்தது:
இடப்பக்கம், கீழே,
மாத்தே சிந்திய கறைக்குச் சற்று மேலே.
கறையின் வடிவத்தைக்கூடச் சொல்லியிருப்பாள்.
அவர்கள் கறையைக் கேட்கவில்லை.

ஜூலை மாதத் திங்கள்.
அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர்.
பேருந்து நின்றுவிட்டது.
புத்தகப்பை கல்லாவுக்கடியிலேயே தங்கிவிட்டது.
கோட்டுப் பையில் மட்டும்
நான்காய் மடித்த ஒரு நகல்.

பொதுச்சாலைக்கு வழியில்லாத நிலத்துக்காரர்
அண்டை நிலத்தின் ஊடே வழி கேட்கலாம்,
ஈடு கொடுத்து,
ஆகக் குறைந்த சேதம் வரும் இடத்தில்.

முதல் வாசிப்பில், தெரிந்ததுதானே.
இரண்டாவதில் கொட்டாவி.
மூன்றாவதில்
'கேட்கலாம்' என்ற சொல் காலை இடறியது.
கேட்டால் மறுக்க முடியுமா?
எவ்வளவு அகலம்?
ஆள் போகவா, வண்டி போகவா?
நாளை புதுச்சாலை ஒன்று வந்துவிட்டால்
இந்த வழி
செத்துப்போகுமா?

அப்புறம் எத்தனை முறை வாசித்தாள் தெரியாது.
எண்ணவில்லை.

பின்னிருக்கைப் பெண்
கைக்குழந்தையோடு இறங்க எழுந்தாள்.
ஆளாளுக்கு வயிற்றை எக்கி
முட்டியை ஒடுக்கி
குடையை உயர்த்திப் பிடிக்க
ஒரு வழி பிறந்தது.
ஆகக் குறைந்த சேதம்:
தொப்பிக்காரர் ஒருவரின் கால்விரல்.
ஈடு: 'மன்னிக்கணும்.'
அவள் இறங்கியதும்
வழி மூடிக்கொண்டது.

சுல்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.
தன் நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

அன்றிரவு கதவுத் தாளில் எழுதினாள்:
திங்கள், அரைப் பக்கம்.
பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

ரிவேராவில் இருக்கும் தம்பி வால்தெமாருக்கு
தினமும் காலையில் பூப்படம் அனுப்புவாள்,
அவன் கட்டைவிரல் அனுப்புவான்.
மூன்று வருடமாக ஒருநாள் தவறியதில்லை.
அந்த வாரம் படம் அனுப்பவில்லை,
கூப்பிட்டாள்.
மழை, பல்வலி, மாமியின் நாய்
எல்லாம் பேசி முடித்த பிறகும்
வைக்காமல் காத்திருந்தாள்.
வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு அவன் சொன்னான்:
'எட்டு மாதமா வேலை இல்லக்கா.'

எட்டு மாதம்.
அத்தனை பூக்கள்.
அத்தனை கட்டைவிரல்கள்.

ஞாயிற்றுச் சந்தையில்
மூன்று கிலோ மாண்டரின், இரண்டு கிலோ விலைக்கு
என்று கூவினார்கள்.
வழக்கமாக அதைத்தான் வாங்குவாள்,
அடியில் கிடப்பவை பூசணம் பிடிக்கும்.
இம்முறை நான்கே நான்கு.
நின்றபடியே ஒன்றை உரித்தாள்.
ரொம்பப் புளிப்பு.
புளிப்பு என்று தெரிந்ததே
பெரிய விஷயமாகப் பட்டது.

பழைய புத்தி போய்விடவில்லை.
போன சனிக்கிழமை
நாற்பது என்று எழுதி
அடித்து
மறுபடி நாற்பது என்று எழுதியிருக்கிறாள்.

தேர்வுக்கு இன்னும் பத்து நாள்.
பாத்திரம் கழுவும்போது
ஒரு நிலத்துக்காரன் மனதுக்குள் வந்து நிற்கிறான்.
வழி இருந்த நிலம்தான் அவனுடையது.
மதில்மேல் மதிலாகத் தானே கட்டி
தானே அடைத்துக்கொண்டான்.
இப்போது அவன்
அண்டைவீட்டுக் கதவைத் தட்டலாமா?

குழாயை மூடுகிறாள்.
ஈரக்கையோடு அந்தத் தாளில்
எண்களுக்கு நடுவே
கேள்வியை எழுதிவைக்கிறாள்.
மை கொஞ்சம் கலைகிறது.